போர் தண்ணீர், மின்கணக்கு, குப்பை: வீட்டுப் பழக்கங்களை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் புதுவீடு கட்டிக் குடியேறியிருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இதுதான். மாமனார், மாமியார், கணவர், மகள், தான் என ஐந்து பேர் வாழும் வீட்டில் இயற்கைக்கு ஊறு செய்யாமல் வாழ வேண்டும் என்று எல்லோரும் கூடி முடிவெடுத்து, மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், துணிப்பை, 'மக்கும்' என்று எழுதப்பட்ட குப்பைப் பை என்று பலவும் வாங்கியிருக்கிறார்கள். மூன்று மாதங்களுக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறது, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் ஏறத்தாழ 600 அடியில் நிற்கிறது, ஆற்றுத் தண்ணீர் பத்து நாட்களுக்கு ஒருமுறை வருகிறது, குடிப்பதற்கு, தண்ணீரின் உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறார்கள். குப்பை வண்டி வாரம் இருமுறைதான் வருவதால் மீதியை மாமனார் பொடக்காணியில், அதாவது வீட்டின் பின்புறத்தில், கொளுத்திவிடுகிறார். மாமியாரோ இவையெல்லாம் வீண் செலவு என்கிறார். எங்கே தவறினோம், எதிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு வீடு மாறுவதால் ஏதாவது ஆகப்போகிறதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் எரிசக்தித் தணிக்கையில் பயிற்சி பெற்றவள். கோவை, திருப்பூர், பல்லடம் பகுதிகளின் நூற்பாலைகளிலும் பின்னலாடை ஆலைகளிலும் பல ஆண்டுகளாக மின்சாரம், நீராவி, தண்ணீர் ஆகியவற்றின் வரவு செலவைக் கணக்கிட்டு வருகிறேன். நண்பர்களும் உறவினர்களும் கேட்கும்போது வீடுகளுக்கும் அதே முறையில் கணக்குப் போட்டுக் கொடுப்பதுண்டு. எனவே மின்சாரம், தண்ணீர், எரிபொருள் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மட்கு உரம் பற்றிச் சொல்வது என் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் செய்து பார்த்த அனுபவம். உணவு, உடல்நலம் பற்றிய கேள்விகள் என் துறைக்கு வெளியே இருப்பதால் அவற்றைத் தொடவில்லை.

ஆலையில் தணிக்கைக்குப் போகும் எவரும் முதல் நாளிலேயே புதுப்பொருள் வாங்கச் சொல்வதில்லை. எது எவ்வளவு போகிறது என்று அளப்பதுதான் முதல் வேலை. உங்கள் வீட்டுக்கும் அதையே செய்வோம். ஆண்டுக்கு 3,100 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், நம் நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகும் கணக்கில், ஆண்டுக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல் வருகிறது. நாற்பது நாட்களுக்கு ஒரு சமையல் எரிவாயு உருளை என்றால், 14.2 கிலோ எரிவாயு எரிந்து நாற்பது கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு தரும். ஆண்டுக்கு நானூறு கிலோவை ஒட்டி வரும். மாதம் 20 லிட்டர் பெட்ரோல் போட்டால், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் ஆண்டுக்கு ஐந்நூற்று ஐம்பது கிலோ. இவற்றுக்கு எதிரே, ஐந்து பேர் மூன்று மாதத்துக்கொரு பல்துலக்கி மாற்றினால் ஆண்டில் சேரும் பிளாஸ்டிக் அரைக் கிலோகூட வராது. மூங்கில் பல்துலக்கி வாங்கியதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் உற்சாகம் முழுவதும் அந்த அரைக் கிலோவின் மேல் செலவாகிவிட்டது. டன் கணக்கில் போவது கண்ணில் படவே இல்லை. என் கருத்தில் தவறு நேர்ந்த இடம் இதுதான்: மன உறுதியில் குறை இல்லை, தேர்ந்தெடுத்த இடத்தில்தான் குறை.

கொங்குப் பகுதியில் பலருக்கும் வியப்பளிக்கும் ஒன்று உண்டு: இங்கே தண்ணீரைச் சேமிப்பதும் மின்சாரத்தைச் சேமிப்பதும் ஒரே வேலை. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 600 அடி உயரத்துக்குத் தூக்க இயற்பியல் விதிப்படி அரை யூனிட் மின்சாரம் தேவை. நீர்மூழ்கி மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால், வீடுகளில் உள்ள சிறிய மோட்டார்களுக்கு இது ஒன்றரை யூனிட் வரை போகும். ஐந்து பேர் நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர் செலவழிக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு யூனிட் தண்ணீர் இறைப்பதற்கே போகிறது. இங்கே கணக்கில் வருவது மோட்டார் இறக்கிய ஆழம் அன்று, தண்ணீர் நிற்கும் மட்டம். ஆயிரம் அடி போர் போட்டிருந்தாலும் தண்ணீர் 300 அடியில் நின்றால் மின்செலவு பாதியாகும். நிலத்தடி நீர்மட்டம் ஒவ்வொரு நூறு அடி இறங்கும்போதும் உங்கள் மின்கட்டணம் ஓசையில்லாமல் ஏறுகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

எனவே நான் முதலில் மாற்றச் சொல்வது மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதை. மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படி வேலையில் மறந்துபோவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யாரையும் நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பயனில்லை. நீர்மட்டம் பார்த்துத் தானே நிற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால் அந்தப் பழக்கம் யாருடைய நினைவையும் நம்பியிருக்காது. கோவையும் சுற்று வட்டாரமும் பம்பு செய்யும் ஊர்கள் என்பதால், இதைப் பொருத்தித் தரும் ஆள் கிடைப்பது நமக்குக் கடினமே இல்லை. அடுத்தது குழாய்க் கசிவு. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயில் நாளுக்கு இருபது லிட்டருக்கு மேல் போகும். உப்புத் தண்ணீர் வாஷரையும் வால்வையும் சீக்கிரம் அரித்துவிடுவதால் நம் ஊரில் இது அடிக்கடி வரும். கழிப்பறைத் தொட்டியின் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து, அரை மணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் இருந்து பாருங்கள். கீழே கோப்பையில் மஞ்சள் நிறம் இறங்கியிருந்தால் கசிகிறது என்று பொருள். குளியலைப் பொறுத்தவரை வாளியில் குளிக்கும் நம் வழக்கமே நல்லது. ஒரு வாளி இருபது லிட்டர், தூவல் குழாயோ நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்து லிட்டர் கொட்டும்.

மின்சாரத்தில் அடுத்த பெரிய செலவுகள் மின்விசிறியும் வெந்நீரும். மின்விசிறியை யாரும் செலவாகவே நினைப்பதில்லை. பழைய வகை விசிறி 75 வாட் எடுக்கும்; ஐந்து விசிறிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 225 யூனிட் ஆகிவிடும். பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் கொண்ட விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஐந்தையும் மாற்றினால் 135 யூனிட் மிச்சம். ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் சுற்றும் கூடத்து விசிறியையும் படுக்கையறை விசிறியையும் முதலில் மாற்றுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்து வந்த குறைந்த கட்டணமும் இல்லாமல் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. 520 யூனிட்டில் நிற்கும் வீடு 480-க்கு இறங்கினால் மிச்சமாவது நாற்பது யூனிட்டின் பணம் மட்டுமன்று. இந்த ஒரு கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால் உங்கள் மாமியார் மறுப்புச் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன்.

வெந்நீருக்கு வருவோம். ஒரு வாளித் தண்ணீரை 25 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க 0.35 யூனிட் தேவை. ஐந்து பேருக்கு இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டுக்கு மேல். மின்சாரக் கொதிகலனை நாள் முழுவதும் போட்டே வைத்திருந்தால் இன்னும் கூடும். பங்குனி, சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே இளஞ்சூடாக வரும்; அந்த மாதங்களில் கொதிகலனின் விசையை அணைத்தே வைத்திருப்பது செலவில்லாத மாற்றம். சூரிய வெந்நீர் அமைப்பு நம் வெயிலுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் அதன் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து சில ஆண்டுகளில் திறன் குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆற்றுத் தண்ணீரையோ மழைநீரையோ தனித் தொட்டியில் வைத்து அதற்குக் கொடுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ஏ.சி. இருந்தால் 26 பாகையில் வைத்து விசிறியையும் போடுங்கள். ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் வாரியம் கணக்குச் சொல்கிறது. மிக்சியையும் மாவு அரைக்கும் கிரைண்டரையும் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தேவையில்லாத இடத்திலும் அது ஓடுவதை நம் பகுதியில் நிறையப் பார்க்கிறேன். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்குள் பொதுவாக இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். கரைந்துள்ள உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர் விதி சொல்கிறது. 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் ஆணையிட்டது. பவானி, சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். அளவியை விட்டுப் பாருங்கள். அந்த எல்லைக்கு வெகு கீழே காட்டும். அந்தத் தண்ணீரை ஆர்.ஓ. வழியே விடுவது நல்ல நீரில் முக்கால் பங்கு வரை சாக்கடைக்கு அனுப்புவதற்குச் சமம். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்து வைத்து, காய்ச்சியோ புற ஊதா வடிப்பான் வழியாகவோ பயன்படுத்தினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த அளவி உப்பை மட்டுமே காட்டும். கிருமியையோ ஃப்ளோரைடையோ காட்டாது. போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துவிட்டு, முடிவைப் பார்த்தபின் ஆர்.ஓ. தேவையா என்று தீர்மானியுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு விடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போர் தண்ணீரிலேயே உப்பு மிகுதி. கழிவில் அது இன்னும் கூடியிருக்கும். அதைத் தொடர்ந்து விட்டால் மண்ணில் உப்புப் பூக்கும். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் அதைப் பயன்படுத்துங்கள். காய்கறி அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடுங்கள்.

மழைநீர்ச் சேகரிப்புக் குழி உங்கள் புதுவீட்டில் இருக்கும். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். கட்டட அனுமதிக்காக வெட்டிய குழி வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. நம் பகுதி மலை மறைவில் இருப்பதால் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும்; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 600 மில்லிமீட்டர் விழுந்தால் ஐம்பத்தைந்தாயிரம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் நாற்பதாயிரத்துக்கு மேல் நிற்கும். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, வடிகுழாயில் அடைந்த சருகை எடுத்து, குழியில் உள்ள மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராகப் போர்க் குழாய்க்குள் இறக்குவது மட்டும் கூடாது; பறவை எச்சமும் கழிவும் பாறை வெடிப்புக்குள் போய்விட்டால் பிறகு சுத்தம் செய்ய வழியில்லை. பக்கத்தில் வற்றிய திறந்த கிணறு இருந்தால் அதில் விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டு, பவானி உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் நிலையில், உங்கள் ஊர்க் குளம் அந்தப் பட்டியலில் உள்ளதா, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதா என்று விசாரிப்பதும் வீட்டுப் பழக்கத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது குப்பை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது கொளுத்துவதைப் பற்றிய வரிதான். பிளாஸ்டிக் உறையும் பி.வி.சி. துண்டும் தாழ்ந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. இது உறுதியாக நிறுவப்பட்டது, ஐயத்துக்கு இடமில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் பக்கத்தில் கோலுடன் நிற்கும் உங்கள் மாமனார். அடுத்து உங்கள் மகள். சாம்பல் தென்னை மரத்து அடியில் சேர்கிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடை செய்கின்றன. இந்தப் பதிலில் உள்ள வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றை நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் வழி அவரிடம் வாதாடுவதில் இல்லை. அவர் ஏன் கொளுத்துகிறார்? குப்பை நாறுகிறது, நாய் இழுத்துப் போடுகிறது, வண்டி வரவில்லை. நாறுவது ஈரக்குப்பை மட்டும்தான். அது கலக்காமல் இருந்தால் பால் பாக்கெட்டும் எண்ணெய் உறையும் கழுவிக் காய்ந்து ஒரு சாக்கில் மாதக்கணக்கில் நாறாமல் கிடக்கும்; அட்டையும் புட்டியும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எனவே கொளுத்துவதை நிறுத்த வேண்டுமானால் மட்கு உரம் போடத் தொடங்க வேண்டும்.

செய்முறை கடினமில்லை. மூடியுள்ள பழைய டிரம் இரண்டு எடுத்து, பக்கவாட்டிலும் அடியிலும் சுண்டுவிரல் அகலத்தில் துளையிட்டு, செங்கல் மேல் நிழலில் வையுங்கள். அடியில் ஒரு சாண் சருகு. அதன்மேல் அன்றன்றைய காய்த்தோல், சோற்று மிச்சம், டீத்தூள். ஒவ்வொரு முறையும் அதை முழுதும் மறைக்கும் அளவுக்குச் சருகோ, உப்பு கழுவிய தென்னைநார்க் கழிவோ தூவ வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் இது கட்டி கட்டியாகக் கிடைக்கும். ஈரக்குப்பையில் நைட்ரஜன் மிகுதி, சருகிலும் நார்க் கழிவிலும் கார்பன் மிகுதி. நைட்ரஜனைப் போல் இருபத்தைந்து முப்பது மடங்கு கார்பன் இருக்கும்போதுதான் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்கின்றன. அதைக் கண்ணால் அளக்க முடியாது என்பதால், ஒரு பங்கு ஈரக்குப்பைக்கு இரண்டு பங்கு காய்ந்தது என்ற கொள்ளளவுக் கணக்கைப் பின்பற்றினால் போதும். தொடக்கத்தில் ஒரு கை சாணமோ புளித்த மோரோ தெளியுங்கள். வாரம் ஒருமுறை கிளறி, ஒரு பிடி எடுத்துக் கையில் அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் ஈரம் கசியாமல், கையை விரித்தால் உருண்டையாக நின்று, தொட்டதும் உதிர்ந்தால் பதம் சரி. தண்ணீர் சொட்டி அழுகல் நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது டிரம் விரைவில் காயும். அப்போது அரிசி கழுவிய தண்ணீரைத் தெளிக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் வந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள், குப்பையை வேகமாகத் தின்று தீர்ப்பவை. முதல் டிரம் நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தை ஒட்டி முதல் டிரம்மில் கறுத்த, மழை பெய்த மண்ணின் வாசமுள்ள உரம் இருக்கும். எலும்பையும் மீன் கழிவையும் தொடக்கத்தில் போடாதீர்கள். நாயும் பெருச்சாளியும் தேடி வரும்.

இந்த வேலையை மாமியார், மாமனார் பொறுப்பில் விடுவது நல்லது என்று நினைக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறை எருக்குழியைப் பார்த்தே வளர்ந்தது; நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, அவர்களிடம் கேட்க வேண்டியதுதான் மிச்சம். "அத்தை, இது பதமா இருக்குதுங்களா, பாருங்க" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கிய பொருள்களை அவர் வீண் செலவு என்றதில் நியாயம் இருந்தது என்பதையும் அவரிடம் சொல்லிவிடலாம்.

'மக்கும்' பைகளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அவற்றுள் தரச்சான்று பெற்ற வகைகளும் பெரும்பாலும் பெரிய உரக்கிடங்கின் உயர்வெப்பத்தில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவையே. வீட்டு டிரம்மில் அந்த வெப்பம் நீடிக்காது. வெள்ளலூர் போன்ற குப்பைக் கிடங்கில் கலந்து புதைந்தால் அவற்றால் தனிப்பயன் இல்லை. துணிப்பை விவாதத்துக்கு உரியது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வு, புதுப் பருத்திப் பை ஒன்றைத் தட்பவெப்ப நோக்கில் மட்டும் பார்த்தால் 52 முறையும், எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறையும் பயன்படுத்தினால்தான் சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. அந்தப் பெரிய எண்ணைப் பலர் ஏற்பதில்லை. அந்நாட்டில் பிளாஸ்டிக் பைகள் பெரும்பாலும் எரி உலைக்குப் போகின்றன, நம் நாட்டைப்போல் சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் சேர்வதில்லை என்பது நியாயமான மறுப்பு. ஆனாலும் இந்த விவாதத்தை நாம் தவிர்த்துவிடலாம். பழைய வேட்டியையும் போர்வையையும் வெட்டித் தைத்த பைக்குப் புதுப் பருத்தி தேவையில்லை. அச்சடித்த புதுப்பைகளை இலவசமாகக் கொடுத்தார்கள் என்று அடுக்கி வைப்பதில்தான் பயனில்லை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் நம் மாநிலத்தில் தடை. ஆனாலும் கடைக்காரர் தருகிறார் என்றால், கையில் பை இல்லாமல் நாம் போய் நிற்பதும் ஒரு காரணம். பையை வீட்டு ஆணியில் மாட்டாமல் வண்டியின் இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

இதிலிருந்து உங்கள் முதல் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன்: பழக்கம் ஏன் நிலைக்கவில்லை? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பழக்கங்களைத் தொடங்கினீர்கள். எதற்கும் வேர்விட நேரம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு புதியதைக் கட்டிவிடுவதே வழி: காலையில் பால் காய்ச்சியதும் பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் போடுவது, இரவு அடுப்படி துடைத்ததும் டிரம்மில் கொட்டிச் சருகு தூவுவது என்பதுபோல. பாக்கெட்டின் மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல் தொங்க விடுங்கள். அந்தச் சிறு துண்டு மறுசுழற்சிக்குப் போகாமல் மண்ணில்தான் விழும்.

சமையல் எரிவாயுவில் நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. பருப்பை ஊற வைத்து வேகவிடுவது, குக்கர் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது, பாத்திரத்தை மூடுவது ஆகிய மூன்றும் போதும். நம் அரிசிம்பருப்பு சோறு ஒரே குக்கரில், ஒரே தீயில் முடிகிற சமையல், வாரத்தில் இன்னொரு நாள் கூடுதலாகச் செய்யலாம். தலைக்கு அரப்பும் சீயக்காயும் தேய்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் விட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீரை வாழைக்கு விடத் தயங்க வேண்டியதில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டுப் போக முடிந்தால் பெட்ரோல் கணக்கு கண்கூடாகக் குறையும். புதுத்துணியைப் பொறுத்தவரை, திருப்பூர்க்காரர்களான நமக்கு ஒரு பனியனுக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீரும் சாயமும் இருக்கின்றன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. துடைப்பதற்குக் காகிதச் சுருள் வாங்காமல், கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்டையோ கிழிந்த சட்டையையோ பயன்படுத்துங்கள்.

கடைசியாக, ஒரு வீடு மாறினால் ஏதாவது ஆகுமா என்ற கேள்வி. இதற்கு நேர்மையான பதில் இரண்டு பகுதிகளாகவே இருக்க முடியும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, சென்னிமலைப் பக்கத்துத் தோட்டங்களும் கிணறுகளும் கெட்டபோது, அதை எந்த வீட்டின் பழக்கமும் தடுத்திருக்க முடியாது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகுதான், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு அந்தத் தொழில் உண்மையாக நகர்ந்தது. ஆலையும் அரசும் செய்ய வேண்டியதை நாம் துணிப்பை தூக்கி ஈடுசெய்துவிட முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் போரிலிருந்து நீங்கள் இறைக்கும் தண்ணீர், பொடக்காணிப் புகை, மகள் சுவாசிக்கும் காற்று, மாதச் செலவு ஆகியவை உங்கள் வீட்டு எல்லைக்குள்ளேயே முடிவாகின்றன. அங்கே ஒரு வீடு மாறினால் அந்த வீட்டுக்கு நிச்சயம் மாற்றம் உண்டு. பக்கத்து வீட்டாரும் அதே நிலத்தடி நீரைத்தான் இறைக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இந்த மாதம் கொளுத்துவதை நிறுத்தி டிரம்மைத் தொடங்குவேன்; அது ஓடத் தொடங்கியபின் மோட்டார்க் கட்டுப்பாடும் கசிவுகளும்; அடுத்த மின்கணக்கு எடுப்பதற்குள் இரண்டு விசிறிகள்; ஆற்றுத் தண்ணீருக்குத் தனித் தொட்டி; புரட்டாசியில் மழைநீர்க் குழி. வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மின்அளவியின் எண்ணை நாட்காட்டியில் குறித்து வைக்க உங்கள் மகளைப் பழக்குங்கள். கூரைச் சூரிய மின்சாரத்தை அதற்குப் பிறகு யோசிக்கலாம். மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு; நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். செலவைக் குறைத்தபின் உங்களுக்கு இரண்டு கிலோவாட்டே போதுமானதாக இருக்கலாம். அதனால்தான் முதலில் குறைக்கச் சொல்கிறேன். ஓராண்டு மின்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தென்னை மர நிழல் எந்த நேரத்தில் மாடியில் எங்கே விழுகிறது என்று மார்கழியிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் விலை கேளுங்கள்.